தீராத வயிற்றுவலி

23 ஜனவரி 2018, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் நேற்றே பழநிக்குத் தைப்பூசப் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். பிப்ரவரி மூன்றாம் தேதிவரை வெள்ளியம்பாளையம் ஸ்டேஷனுக்கு எஸ்.ஐ. மரகதமாகிய நான்தான் எல்லாம். போகும்போது, பெரிதாக எதையும் இழுத்து வைத்துவிடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் போய் முழுசாக ஒரு நாள் ஆகவில்லை.

காலை ஏழரைக்கு போன். மில்லுக்காரர் நாச்சிமுத்து வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் பிணம். மூத்த மருமகள் பிருந்தா, வயது முப்பத்து மூன்று. இந்த ஊரில் நூல் மில் அவருடையது, பள்ளிக்கூடம் அவருடையது, கல்யாண மண்டபம் அவருடையது. எங்கள் ஸ்டேஷன் எதிரே இருக்கிற பஸ் நிழற்குடையில்கூட அவர் அப்பா பெயர்தான் எழுதியிருக்கிறது.

எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் நான் முன்வாசலில் நுழைவதில்லை. பின்பக்கம் போய்க் கொடியில் என்ன காய்கிறது, குப்பையில் என்ன கிடக்கிறது, பாத்திரம் கழுவுகிறவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முன்னால் வருவேன். டி.எஸ்.பி.க்கு இது பிடிக்காது. நான் கிராப்பு வெட்டியிருப்பது, டி.வி.எஸ். ஐம்பதில் வருவது, ஸ்டேஷன் பின்னால் பிடித்துவைத்த வண்டிகள் மேல் சுரைக்கொடி ஏற்றிவிட்டிருப்பது, எதுவும்தான் அவருக்குப் பிடிக்காது. கூரை இல்லாமல் துருப்பிடிக்கிற வேனில் சுரைக்காயாவது காய்க்கட்டுமே.

கொடியில் ஒரே ஒரு ஆண் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் இருக்கிற வீட்டில், காலை எட்டு மணிக்கு, ஒற்றைச் சட்டையை யார் துவைப்பார்கள்? கிணற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் சட்டையைக் காணோம். கிளிப் மட்டும் தொங்கியது. பார்த்தவுடன் எடுத்து வைத்திருக்க வேண்டும். இருபத்து மூன்று வருட சர்வீஸில் இதுகூடத் தெரியவில்லை எனக்கு.

முன்வாசலில் மில் மானேஜர் அப்புசாமி ஒரு கவரை நீட்டினார். புகாராம். டைப் அடித்து, நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டுத் தயாராக இருந்தது. அந்தப் பெண்ணின் சேலையிலிருந்து தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது, புகார் காய்ந்தேவிட்டது.

புருஷன் மோகன்ராம் சோபாவில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நின்றேன். அவன் எழுந்திருக்கவில்லை.

24 ஜனவரி, புதன்

புகாரை இன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன்:

'எனது மருமகள் பிருந்தா கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார். பல மருத்துவர்களிடம் காண்பித்தும் குணமாகவில்லை. வலி வரும் நேரங்களில் ஈரத்துண்டை வயிற்றில் கட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். மேற்படி வலி தாங்காமல் வாழ்க்கையில் வெறுப்புற்று, தோட்டத்துக் கிணற்றின் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்து இறந்துவிட்டார். சாவில் யார்மீதும் சந்தேகம் இல்லை.'

மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். மறுபடி படித்தேன். ரைட்டர் குப்புராஜ் ஏட்டு, மேடத்துக்கு வேர்க்கிறதே என்று ஃபேனைத் தட்டிவிட்டார். தையில் எதற்கு ஃபேன் என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

தீராத வயிற்றுவலி! இந்த மாவட்டத்தில் பெண்கள் சாவதற்கு வேறு காரணமே கிடையாது. அடி வாங்கிச் செத்தாலும் வயிற்றுவலி, பட்டினியில் செத்தாலும் வயிற்றுவலி, ஆசிரியர் திட்டிச் செத்த பிள்ளைக்கும் வயிற்றுவலி. வயிற்றுவலி என்று போட்டால் ஆறாம் நாள் ஃபைல் மூடலாம். பேப்பரிலும் அப்படியே வரும். எந்த வயிறு, எந்த டாக்டர், எந்த மாத்திரை என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

இதே மோகன்ராமின் முதல் மனைவி கலாமணியும் 2006-இல் இதே கிணற்றில்தான் கிடந்தாள். அவளுக்கும் வயிற்றுவலிதான். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் செத்தால் ஆர்.டி.ஓ. வந்து விசாரிப்பார். அவள் எட்டாவது வருடம் செத்தாள். இவள் பத்தாவது வருடம். வயிற்றுவலி என்ன, அந்த வீட்டில் மருமகளுக்குப் போடுகிற நகையா, வருகிறவளுக்கெல்லாம் மாட்டிவிட?

இன்னொன்று. கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். கலாமணி செத்த பிறகு அந்தக் கிணற்றுக்கு மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டும் போட்டுவிட்டார்கள். சாவி மானேஜரிடம். கேட்டால், மோட்டார் ரிப்பேர் என்று முந்தின நாள்தான் திறந்து வைத்தோம் என்கிறார். மோட்டார் ரிப்பேர் செய்தவன் யார்? ஊருக்குப் போய்விட்டானாம்.

போஸ்ட்மார்ட்டம் முடிந்தது. விலாவில் இரண்டு எலும்பு எப்போதோ முறிந்து தானாகக் கூடியிருக்கிறது. தலையின் பின்பக்கம் புது அடி. அடிபட்டு விழுந்தாளா, விழுந்ததில் கிணற்றுப் படியில் அடிபட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

25 ஜனவரி, வியாழன்

வேன் மேல் மூன்று சுரைக்காய். ஒன்றைப் பறித்துக் கூட்டு வைத்தேன். உப்பு அதிகம்.

26 ஜனவரி, வெள்ளி

காலையில் ஸ்டேஷனில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நிலாவும் அவள் பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்குப் போய்விட்டு வந்தாள். வெண்ணிலா என் ஒரே மகள். பிளஸ் டூ. மார்ச் ஒன்றாம் தேதி பரீட்சை. படிப்பது நாச்சிமுத்துவின் பள்ளிக்கூடத்தில்தான். இந்த ஊரில் வேறு எங்கே படிக்க?

பள்ளியில் இரண்டு நிமிட மௌன அஞ்சலியாம். தாளாளரின் மருமகள் நீண்ட நாள் வயிற்று நோயால் அவதிப்பட்டுக் காலமானார் என்று மைக்கில் சொன்னார்களாம். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் தலையைக் குனிந்து அந்தப் பொய்யைக் கேட்டிருக்கிறார்கள்.

மதியம் பழைய வலி வந்தது. ரொம்ப நாளாக இல்லை. துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். நிலா பார்த்துவிட்டாள்.

"பீரியட்ஸாம்மா?"

"ஒண்ணுமில்ல. போய்ப் படி."

"அப்பா இருந்தப்ப நீ இப்படித்தான் படுத்திருப்ப. எனக்கு ஞாபகமிருக்கு."

அவர் திண்டுக்கல்லில் வேறு குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார். அவரைப் பற்றி இங்கே என்ன பேச்சு? போய்ப் படி என்று மறுபடியும் சொன்னேன்.

27 ஜனவரி, சனி

மில்லுக்காரர் வீட்டில் பாத்திரம் கழுவுகிற பாப்பாத்தியை அவள் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். யூனிபார்ம் இல்லாமல். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். பத்துக் காய் நறுக்கியதும் பேச ஆரம்பித்தாள்.

பிருந்தா சமையலறைப் பக்கமே வருவதில்லையாம். அங்கே சமையல்காரர் இருக்கிறார். குழந்தை இல்லாதவள் அடுப்பைத் தொடக்கூடாது என்று மாமியார் உத்தரவு. காபி வேண்டுமென்றால்கூட வாசலில் நின்று கேட்டு வாங்கிக் குடிப்பாளாம்.

"வயித்துவலின்னு படுத்து நான் பாத்ததே இல்லீங்க. கையில, மூஞ்சில வீங்கியிருக்கும். கேட்டா, வழுக்கி உழுந்துட்டேன்னு சொல்லும்."

செவ்வாய்க்கிழமை காலையில் பிருந்தா பூப்பறித்துக்கொண்டிருந்தபோது மோகன்ராம் கார் ஷெட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறான். சத்தம் கேட்டதாம். அப்புறம் சத்தமே இல்லையாம். அப்புறம் மானேஜர் வண்டி வந்ததாம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றாள். கையெழுத்துப் போடுவாயா என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எம் பையன் அவிங்க மில்லுல வேலை பாக்கறானுங்க. எம்பேரு வேண்டாமுங்க."

கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அவளிடம் கையெழுத்துக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று வந்த கோபம். எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

28 ஜனவரி, ஞாயிறு

பிருந்தாவின் அம்மா ருக்குமணி காங்கயம் பக்கத்துக்காரர். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை. உடலை வாங்கி அடக்கம் செய்த மறுநாளிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருகிறார். அழுவதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து போகிறார். இன்று ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உங்கள் மகளுக்கு வயிற்றுவலி உண்டா என்று கேட்டேன்.

"கல்லத் தின்னாலும் செரிச்சுருங்க என்ற புள்ளைக்கு."

ரெண்டாம் தாரமாக ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சொன்னதை விடாமல் எழுதுகிறேன்.

"நாங்களும் பயந்தமுங்க. மொதப் பொண்டாட்டி எப்படிச் செத்தான்னு கேட்டம். மானேஜரு போலீஸ்ல குடுத்த காயிதத்தையே கொண்டாந்து காட்டுனாருங்க. எப்.ஐ.ஆர். காப்பி. போலீசே எழுதியிருக்குது, அப்பறம் என்னங்க சந்தேகம்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. நானும் படிச்சனுங்க. ஈரத்துண்ட வயித்துல கட்டிக்கிட்டு அடுப்படித் தரையில குப்புறப் படுத்துக்குவாளாம். படிச்சுப்போட்டு அழுதனுங்க. யாரோ நேர்ல பாத்துத்தான் எழுதியிருக்காங்க, பொய்யா இருந்தா இப்படி எழுத வராதுன்னு நெனச்சேன். அந்தக் காயிதத்த நம்பித்தானுங்க புள்ளையக் குடுத்தேன்."

டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து பின்பக்கம் போனேன். வேனுக்குப் பின்னால் நின்றேன். டீ வாங்கவில்லை.

29 ஜனவரி, திங்கள்

ரெக்கார்டு ரூமில் 2006-ஆம் வருட எப்.ஐ.ஆர். புத்தகத்தை எடுத்தேன். கரையான் அட்டையைத் தின்றிருந்தது. உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது. மே மாதம், கலாமணி, வயது இருபத்தெட்டு. பெயரையும் வயதையும் தவிர, வரிக்கு வரி பிருந்தாவின் புகார்தான். மானேஜர் பழைய காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைப் அடித்திருக்கிறார். நடுவில் கிணற்றுக்கு வலை போட்டதுகூட அந்த மடையனுக்கு ஞாபகம் வரவில்லை. சுவரைத் தாண்டி என்று அப்படியே இறக்கிவிட்டான். அவ்வளவு தைரியம். யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

2006 எப்.ஐ.ஆர். கையால் எழுதியது. கையெழுத்து அழகாக இருக்கிறது, முத்து முத்தாக. அழகான கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குப்புராஜ் ஏட்டு எட்டிப் பார்த்தார். பக்கத்தை மூடினேன். அவர் அதற்குள் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

30 ஜனவரி, செவ்வாய்

டி.எஸ்.பி. ஆபீஸுக்குப் போனேன். இரண்டு புகாரையும் மேஜையில் வைத்து, ஒரே மாதிரி இருக்கிறது பாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வயிற்றுவலிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் படுப்பார்கள், அவர் பாட்டிகூட அப்படித்தான் படுத்தாளாம். ஒரே வீட்டு மனிதர்கள் ஒரே மாதிரி சொல்வதில் என்ன அதிசயம்? பழைய ஃபார்மட்டைப் பார்த்து எழுதுவது குற்றமா, நம் ஸ்டேஷனில் எழுதுவதில்லையா? இதை வைத்துக் கொலை என்றால் கோர்ட்டில் சிரிப்பார்கள். முதல் எப்.ஐ.ஆரும் பொய் என்று யார் வந்து சொல்வார்கள் என்று கேட்டார். இரண்டு புகாரையும் மடித்து எடுத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் வருவதற்குள் முடித்துவிடு என்றார்.

ஸ்டேஷனுக்கு வந்தால் நாச்சிமுத்து. தானாகவே வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, கையெடுத்துக் கும்பிட்டார். ருக்குமணி பெஞ்சில்தான் இருந்தார். அவர் பக்கம் இவர் திரும்பவே இல்லை. மகன் மனசு உடைந்துபோயிருக்கிறான் என்றார். அப்புறம் குரலை இறக்கினார்.

"நெலாப் பாப்பா நல்லாப் படிக்குதாமா. ஹெட்மாஸ்டரு சொன்னாரு. அடுத்த வாரம் ஹால் டிக்கெட்டு குடுக்கறாங்க. ஒண்ணாப்புக்கு சீட்டு வேணும்னு நீங்க வந்து நின்னது நேத்து மாதிரி இருக்குதுங்க அம்மிணி. நாம ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் குடுத்ததில்ல. இனியும் அப்படியே இருப்பமுங்க."

நான் போய் நிற்கவில்லை. அவர்கள்தான் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

31 ஜனவரி, புதன்

தைப்பூசம். காவடிக்காரர்களுக்கு ரோட்டோரம் மோர் கொடுத்தோம்.

நேற்று எழுதிய கடைசி வரி பொய். போய் நின்றேன்.

1 பிப்ரவரி, வியாழன்

இந்த நோட்டை ஆரம்பித்ததே, கேஸ் டைரியில் எழுத முடியாததை எழுதத்தான். அதிலும் ஒன்பது நாளாக நழுவிக்கொண்டிருக்கிறேன். போதும்.

2006-இல் இந்த ஸ்டேஷன் ரைட்டர் நான். கலாமணியின் எப்.ஐ.ஆரை எழுதியது நான். அன்றைய இன்ஸ்பெக்டர் எப்போதும்போல வயிற்றுவலி போடு என்றார். நாச்சிமுத்துவிடம் எத்தனை நாளாக, எப்படி வலிக்கும் என்று கேட்டேன். அதெல்லாம் நீயே பார்த்து எழுதிக்கொள் அம்மிணி என்றார். வெறுமனே வயிற்றுவலி என்றால் மேலே சந்தேகப்படுவார்கள். அதனால் நம்புகிற மாதிரி ஒரு வாக்கியம் சேர்த்தேன். ஈரத்துண்டு, சமையலறைத் தரை, குப்புறப் படுப்பது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே சேர்த்தேன். படித்துப் பார்த்த இன்ஸ்பெக்டர், நல்லா எழுதறியேம்மா என்றார். அந்தப் பாராட்டு அன்று எனக்குப் பிடித்திருந்தது.

கலாமணியின் அப்பா ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்காத மாதிரி எழுதிக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதம் நிலாவுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தது. அப்போது நான் குழந்தையோடு புருஷன் வீட்டைவிட்டு வெளியே வந்து பத்து நாள். அதைச் சொல்லி நியாயம் தேடப் போவதில்லை. குழந்தையோடு வெளியே வந்த எல்லோரும் பொய் எழுதுவதில்லை.

காலையில் நிலாவிடம் எல்லாம் சொன்னேன். இட்லியைப் பிட்டபடியே கேட்டாள். பிறகு தட்டைத் தள்ளிவிட்டாள்.

"பன்னெண்டு வருஷம் அந்தப் பொண்ணு செத்ததுலயா நான் படிச்சேன்?"

ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தாலும் வைப்பார்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு வேண்டியதுதான்.

"வெச்சா வெக்கட்டும். எனக்காகன்னு மறுபடியும் எதையும் எழுதாத."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போகவில்லை.

மதியம் டி.எஸ்.பி.யிடம் போய்ச் சொன்னேன். முதல் எப்.ஐ.ஆர். பொய் என்று சொல்ல ஆள் இருக்கிறது, அந்த ஆள் நான்தான் என்று. கதவைச் சாத்தச் சொன்னார். சஸ்பென்ஷன் மட்டும் இல்லை, பொய் ஆவணம் தயாரித்ததற்கு என் மேலேயே வழக்கு வரும், உள்ளே போக வேண்டியிருக்கும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"மெடிக்கல் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போங்க மரகதம். கேஸை வர்றவர் பாத்துக்குவார். காரணம் ஏதாவது வயித்துவலின்னு போடுங்க."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவர் முகம் சிவந்தது. தாளை எடுத்துக்கொண்டு வந்து, அதிலேயே எஸ்.பி.க்கு எழுதினேன். வழக்கைக் கொலையாக மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புகிறேன், இதில் நானே சாட்சி, ஆகவே விசாரணையை வேறு அதிகாரியிடம் ஒப்படைக்கவும். கோர்ட் அறிக்கையைக் குப்புராஜ் ஏட்டு டைப் அடித்துக் கொடுத்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

2 பிப்ரவரி, வெள்ளி

நீதிமன்றத்தில் என் வாக்குமூலம். நடுவர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர். யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்று மூன்று தடவை கேட்டார். யாரும் வற்புறுத்தாமல் நான் செய்கிற முதல் காரியம் இதுதான் என்று சொல்ல நினைத்தேன். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு புகாரையும் படித்துப் பார்த்தார். டி.எஸ்.பி. கேட்ட அதே கேள்விக்கு வந்தார்.

"வலி வந்தா நிறையப் பேர் இப்படிப் படுப்பாங்க. அந்த வீட்டுல அப்படி யாரும் படுக்கலைன்னு உங்களுக்கு எப்படி நிச்சயமாத் தெரியும்? நீங்க எழுதினது தற்செயலா உண்மையா இருக்கக் கூடாதா?"

தண்ணீர் கேட்டேன். கொடுக்கச் சொன்னார். குடித்தேன்.

"அது என்னோட வலிங்கம்மா. என் வீட்டுக்காரர் வயித்துல உதைப்பார். உதைச்ச அன்னிக்கெல்லாம் நான் ஈரத்துண்டைக் கட்டிக்கிட்டு அடுப்படியில குப்புறப் படுத்திருப்பேன். தரை ஜில்லுன்னு இருக்கும். கலாமணிக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. யாரையும் கேக்கவும் இல்ல. என் வலியை எடுத்து அவ பேர்ல எழுதிட்டேன். அதைத்தான் இப்ப அவங்க பிருந்தாவுக்கும் மாட்டியிருக்காங்க."

டைப்பிஸ்ட் கையை நிறுத்திவிட்டார். நடுவர் அவரைப் பார்த்து, சொன்னதைச் சொன்னபடியே அடியுங்கள் என்றார்.

4 பிப்ரவரி, ஞாயிறு

சஸ்பென்ஷன் ஆர்டர் வந்துவிட்டது. புது விசாரணை அதிகாரி பக்கத்து வட்டத்து இன்ஸ்பெக்டர். நேற்றே மில்லுக்காரர் வீட்டுக் கார் ஷெட்டைத் திறந்து சிமென்டுத் தரையைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மானேஜரைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மோகன்ராம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டானாம். பரவாயில்லை, வலியையாவது மாற்றிச் சொல்லத் தோன்றியிருக்கிறது.

பாப்பாத்தி தானாகப் போய்க் கையெழுத்துப் போட்டாள் என்று ஏட்டு போனில் சொன்னார். போலீசம்மாவே தன் பேரைப் போட்டுவிட்டாள், எனக்கென்ன என்று சொன்னாளாம்.

5 பிப்ரவரி, திங்கள்

என் சாமான்களை எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு டம்ளர், ஒரு சால்வை, அவ்வளவுதான். பின்பக்கம் போய் மீதி இருந்த இரண்டு சுரைக்காயையும் பறித்தேன். ஒன்றை ஏட்டிடம் கொடுத்தேன்.

ருக்குமணி பெஞ்சில் இருந்தார். கொலை வழக்காக மாற்றிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் எதை ஒப்புக்கொண்டதால் மாறியது என்று தெரியாது. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். நீங்க நல்லா இருக்கோணுமுங்க என்றார்.

அப்படியே போயிருக்கலாம். சுரைக்காயைக் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, பஸ் ஏற்றிவிட்டிருக்கலாம். அடுத்த வாரம் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டிருப்பார். பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

"அந்த எப்.ஐ.ஆர். காகிதம்... நீங்க படிச்சு அழுதது. அதை எழுதினது நானுங்க. பொய்யா எழுதினேன்."

முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். ரொம்ப நேரம் எதிரே இருந்த நிழற்குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து நின்று என்னை அறைந்தார். அங்கன்வாடியில் இருபத்தைந்து வருடம் அரிசி மூட்டை தூக்கிய கை. ஏட்டு ஓடி வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நீ அன்னைக்கே நெசத்த எழுதியிருந்தா என்ற புள்ள அந்த வீட்டு வாசப்படி மிதிச்சிருக்குமா?"

இல்லை என்று சொன்னேன்.

"எழுதறதுதான உன்ற வேலை? இதையும் எழுது. நான் அடிச்சேன்னு எழுது. எதுக்கு அடிச்சேன்னும் எழுது. ஒண்ணும் சேக்காம, ஒண்ணும் உடாம எழுது."

பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டார். சுரைக்காய் பெஞ்சிலேயே கிடந்தது.

சாயங்காலம் நிலா ஹால் டிக்கெட்டோடு வீட்டுக்கு வந்தாள். கொடுத்துவிட்டார்களாம். ஹெட்மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தாராம். என் கன்னத்தைப் பார்த்தாள். யார் என்று கேட்டாள். சொன்னேன். துண்டை நனைத்துக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன்.

சேர்க்காமல், விடாமல் எழுதுகிறேன். 5 பிப்ரவரி 2018, திங்கள், காலை பதினொன்றே கால் மணிக்கு, வெள்ளியம்பாளையம் காவல் நிலைய வாசலில், பிருந்தாவின் தாய் ருக்குமணி என் இடது கன்னத்தில் அறைந்தார். நான் எழுதிய பொய்யை நம்பித் தன் மகளைக் கொடுத்ததற்காக அறைந்தார்.

வலித்தது.